முடிஞ்சிடுச்சு

ஐப்பசி மழையில் சுவர் ஓதம் ஏறிய வாரம்
தணலுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது.
உடம்பெல்லாம் சாம்பல், வாலில் மட்டும் சிவப்பு;
நீறு பூத்த நெருப்பு என்று நான்தான் பெயர் வைத்தேன்.
இப்போது ஒவ்வொரு மூச்சுக்கும் அந்த வால்
ஏறி இறங்குகிறது,
தண்ணீர் வராத கைப்பம்பை யாரோ அடிப்பதுபோல.

குரும்பாபேட்டையில் டாக்டர் நப்பின்னை
எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.
காற்றுப்பையில் பூஞ்சை.
காலையும் மாலையும் மருந்து, நாற்பத்திரண்டு நாள்.
"கிளிதானே, நீங்க வேற நர்ஸு" என்றாள்.

இருபத்தெட்டு வருஷம் ஜிப்மரில்.
கரண்ட் போன வார்டில் விரலால் நரம்பு தேடிக் குத்தியவள்.
முந்நூற்றுத் தொண்ணூறு கிராமிடம்
மூன்றே நாளில் தோற்றேன்.
துண்டைப் போட்டு அமுக்கினேன்;
பாதி மருந்து என் மூக்குக்கண்ணாடியில்,
மீதி அதன் கழுத்து இறகில்.
என் கட்டைவிரலில் இரண்டு தையல்.
நாலாம் நாள்,
கொடியில் காயும் பச்சைத் துண்டைப் பார்த்தே
கூண்டு மூலையில் ஒண்டி நடுங்கியது.

"மார்பை அமுக்காதீங்க,
அது அசைஞ்சாத்தான் அதுக்கு மூச்சு"
என்றாள் நப்பின்னை போனில்.
எனக்கு ஏழாம் கட்டில் பண்ருட்டிக்காரர் நினைவுக்கு வந்தார்.
குழாயைப் பிடுங்குகிறார் என்று
இரண்டு மணிக்கட்டையும் கட்டிலோடு கட்டினேன்.
சரியான காரியம்தான். பிழைத்தார்.
டிஸ்சார்ஜ் ஆன அன்று
எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போனார்,
என்னைத் தவிர.

ஆகவே முதலிலிருந்து.
துண்டை மேசையில் விரித்து
ஒன்றும் செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்தேன்.
மறுநாள் துண்டின் ஓரத்தில் ஒரு மாதுளை முத்து.
அதற்கு மறுநாள் நடுவில்.
ஊசியில்லாத சிரிஞ்சில் வெறும் சாறு, ஒரு சொட்டு, போதும்.
அதுவரை மருந்து
வேகவைத்த சர்க்கரைவள்ளிக்குள் ஒளிந்திருந்தது;
சில நாள் பிடிபட்டது.

அந்துவானின் ஆட்டோவிலும் அப்படித்தான்.
கூண்டை ஏற்றி, என்ஜினை முடுக்காமல் ஐந்து நிமிஷம்.
பிறகு மணிக்கூண்டு வரை போய்த் திரும்புவது.
"எங்கயும் போகாததுக்கு எவ்ளோம்மா வாங்கறது?"
மூன்று தரம் எங்கும் போகாமல் போனோம்.
நாலாவது தரம் குரும்பாபேட்டை.
வரிசையில் எங்களுக்கு முன்னால்
வாய்ப்பூட்டுப் போட்ட நாய், கால் ஒடிந்த ஆட்டுக்குட்டி.
கூண்டின் மூன்று பக்கமும் என் பழைய புடவை,
நாலாவது பக்கம் நான்.

ஒன்றை மட்டும் நான் கற்றுத்தரவில்லை.
ஊசி இறங்கும் முன்பே
"முடிஞ்சிடுச்சு, முடிஞ்சிடுச்சு" என்பது என் வாய்ப்பழக்கம்.
இருபத்திரண்டாம் நாள் காலை சிரிஞ்சை எடுத்தேன்.
என் குரலில், என் அவசரத்தில்
தணல் சொன்னது:
"முடிஞ்சிடுச்சு."

இப்போது குக்கர் கூவும் முன்பு சொல்கிறது.
பூட்டில் சாவி நுழையும் முன்பு சொல்கிறது.
ராத்திரி விளக்கை அணைத்த பிறகு ஒருமுறை,
யாருக்கென்று தெரியவில்லை.
எத்தனை கட்டில், எத்தனை கை.
அத்தனை பேரும்
நம்பியதுபோல் முகத்தை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்,
எனக்காக.

இன்று முப்பத்தொன்று.
சமையல் தராசில் நானூற்று நாலு.
துண்டின்மேல் தானே ஏறி நின்றது.
அலகைத் திறப்பதற்கு முன் என் விரலைக் கவ்வியது,
தையல் போட்ட இடத்திலேயே, அழுத்தாமல்.
"முடிஞ்சிடுச்சு" என்றது.

இல்ல தணல்.
இன்னும் பதினோரு நாள் இருக்கு.
இது கசக்கும்.
அப்புறம் மாதுளை.